ஒரே சட்டியில் வேகும் செட்டிநாட்டுக் கோழி: மிகுதிக் கொழுப்பைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி என்றால் பெரும்பாலும் ஒரே சட்டி வேலைதான். தாளிப்பதும், வெங்காயம் வதக்குவதும், கறியைப் புரட்டுவதும், தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவதும் அதே பாத்திரத்தில் நடக்கின்றன. தீயில் வாட்டும் கறியிலிருந்து கொழுப்பு சொட்டி வெளியேறிவிடும். சட்டியில் வேகும் கறிக்கு அந்த வழி கிடையாது. உள்ளே போனதை நாமாக எடுத்தாலன்றி அது அப்படியே இலைக்கு வந்து சேரும். செட்டிநாட்டுச் சமையலின் மணத்தைக் கெடுக்காமல் இந்தக் கொழுப்பை எப்படிக் குறைப்பது என்று உறவினர்களும், சமையல் கற்க வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஒரு சட்டிக் குழம்பில் உள்ள கொழுப்பெல்லாம் கோழியிலிருந்துதான் வருகிறதா?

இல்லை. ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். ஆறு பேருக்கு, தோல் நீக்கிய பிராய்லர் கோழி ஒரு கிலோ வாங்கிக் குழம்பு வைப்பதாகக் கொள்வோம். எலும்பு போக அதில் ஏறத்தாழ 650 கிராம் இறைச்சி இருக்கும். தோல் நீக்கிய பச்சைக் கோழி இறைச்சியில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் வரைதான் கொழுப்பு என்பதால், கறியின் பங்கு 25 கிராம் அளவில்தான் இருக்கும். தாராளமான கைகளில் இந்த அளவுக் கறிக்கு 125 மில்லி எண்ணெய் போகிறது. அதன் எடை 115 கிராம், அத்தனையும் கொழுப்பு. அரைமூடித் தேங்காயில் 150 கிராம் துருவல் கிடைத்தால் அதில் 50 கிராம் கொழுப்பு. 25 கிராம் முந்திரியில் 11 அல்லது 12 கிராம், 15 கிராம் கசகசாவில் 6 கிராம். எல்லாம் சேர்ந்து 200 கிராமைத் தாண்டிவிடுகிறது. ஆளுக்கு 35 கிராம் கொழுப்பு, அதாவது 300 கலோரிக்குச் சற்று மேல், குழம்பிலிருந்து மட்டும் போய்ச் சேருகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான எண்ணெய், நெய் ஆகியவற்றின் அளவு 27 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன குழம்பில் ஊற்றிய எண்ணெயில் மட்டுமே ஒருவர் பங்கு 19 கிராம் ஆகிறது. காலை இட்லிக்கு ஊற்றிய நல்லெண்ணெயும் இரவு தோசைக்கு விட்டதும் இதற்கு மேல். ஆகவே கோழியைக் குறை சொல்வதற்கு முன் எண்ணெய்க் கரண்டியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்படியானால் தோலை உரிக்க வேண்டிய தேவை இல்லையா?

பிராய்லர் கோழியாக இருந்தால் கட்டாயம் உரியுங்கள். தோலோடு கூடிய பச்சைக் கோழி இறைச்சியில் 100 கிராமுக்கு 15 கிராம் கொழுப்பு இருக்கும். தனித் தோலில் அது 30 கிராமுக்கு மேல். கறிக்கடையில் தோலை உரித்துக் கொடுத்தாலும் மூன்று இடங்களில் கொழுப்பு தங்கிவிடும்: வயிற்றுக் குழியின் வாயோரம் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கட்டி, வால் முனை, தொடையும் உடலும் சேரும் மடிப்பு. கறியைச் சிறு துண்டுகளாக வெட்டிய பிறகு இவற்றைத் தேடி எடுப்பது சிரமம். எனவே முழுக் கோழியாக இருக்கும்போதே அவற்றை நீக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

தோலோடு சமைத்துவிட்டு உண்ணும்போது ஒதுக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முழுக் கோழியை அடுப்பில் சுடும்போது அந்த முறை ஓரளவு பயன் தரும். குழம்பிலோ, தோலிலிருந்த கொழுப்பு உருகி ஏற்கெனவே சாற்றில் கலந்திருக்கும். நீங்கள் இலையோரம் ஒதுக்குவது வெறும் தோலைத்தான்.

நாட்டுக்கோழியின் கணக்கு வேறு. ஓடித் திரிந்த கோழியின் உடலில் கொழுப்பு குறைவு. மஞ்சள் பூசித் தீயில் வாட்டிய அதன் தோலுக்கென்றே ஒரு சுவையும் உண்டு. அதை உரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எண்ணெயை விட்டுவிடுங்கள். சட்டியைக் காயவைத்து, தோலுள்ள துண்டுகளை மட்டும் முதலில் போட்டு, தோல் அடியில் படும்படி சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் விட்டால், வெங்காயம் வதக்கப் போதுமான கொழுப்பு தானாகவே உருகி வரும். சட்டியில் ஒட்டாமல் இருக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவினால் போதும்.

குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிட்டேன். குழம்பில் காரமும் இல்லை, மணமும் இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். இதற்கான விடை விளங்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்வீர்கள்.

வரமிளகாயின் உறைப்பும் சிவப்பும் கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. மிளகின் காரமும் அப்படியே. சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் அவற்றின் உள்ளே இருக்கும் வாசனை எண்ணெய்களில் இருக்கிறது. கல்பாசியை எண்ணெயில் பொரிய விட்டால்தான் அதன் மணம் எழும்பும். எனவே மசாலா வெந்து முடிந்த பிறகு மேலே மிதந்து நிற்கும் அந்தச் சிவந்த எண்ணெயில், உங்கள் அரைப்பு வேலையின் பெரும்பகுதி கரைந்து கிடக்கிறது. அதை எடுத்து வெளியே ஊற்றும்போது கொழுப்போடு மணத்தையும் ஊற்றிவிடுகிறீர்கள்.

மசாலா சேரும் முன் எடுக்கும் கொழுப்பு வேறு, சேர்ந்த பின் எடுக்கும் கொழுப்பு வேறு. முதலாவது வெறும் கோழிக் கொழுப்பு; அது போனால் குழம்புக்குப் பெரிய இழப்பில்லை. ஆகவே எடுக்க வேண்டியதை மசாலாவுக்கு முன்பே எடுத்துவிட்டு, மணத்தைச் சுமப்பதற்குத் தேவையான சிறிதளவு நல்ல எண்ணெயை மட்டும் பிறகு சேர்ப்பதுதான் முறை.

மசாலாவுக்கு முன் எடுப்பதென்றால், ஒரே சட்டியில் அதை எப்படிச் செய்வது?

அடிகனமான சட்டியில் கறியைப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு, தட்டிய இஞ்சி ஆகியவற்றை மட்டும் சேர்த்து, துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் வேண்டாம். முதலில் நுரை வரும்; அதை வழித்து எடுத்துவிட்டுத் தீயைக் குறையுங்கள். தண்ணீர் ஓரங்களில் மட்டும் மெல்லக் குமிழியிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்ணிய துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்து, சாறு வெளுத்துக் கலங்கிவிடும். பிறகு அதைப் பிரிப்பது கடினம். பிராய்லர் கறிக்குப் பதினைந்து நிமிடம் போதும். நாட்டுக்கோழிக்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

பிறகு கறியைத் தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு, சாற்றை உயரமான எவர்சில்வர் சொம்பு ஒன்றில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அகன்ற சட்டியில் கொழுப்பு தாள் போல மெல்லியதாகப் பரவிக் கிடப்பதால் கரண்டியில் சாறுதான் அதிகம் வரும். குறுகிய வாயுள்ள சொம்பில் அதே கொழுப்பு விரல் கனத்துக்குத் திரண்டு நிற்பதால் ஐந்தாறு கரண்டியில் வேலை முடிந்துவிடும். இதற்கென்றே மூக்கு அடியில் அமைந்த குவளைகள் கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், வீட்டுச் சொம்பே இந்த வேலைக்குப் போதும் என்பது என் அனுபவம்.

இதற்கிடையில் காலியான அதே சட்டியை அடுப்பில் வைத்து, இரண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, அரைத்த மசாலாவைப் புரட்டி, கறியையும் தெளிந்த சாற்றையும் திரும்ப ஊற்றிக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். முன்பே வெந்த கறி என்பதால் மசாலா உள்ளே இறங்காது என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. சிறு தீயில் இருபது நிமிடம் குழம்பிலேயே கிடந்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் இன்னும் அரை மணி நேரம் ஊறினால் அந்தக் குறை தெரிவதில்லை.

எண்ணெய் பிரிய வதக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் எண்ணெய் எப்படிப் பிரியும்?

பிரியாது, பிரிந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. வெங்காயம், தக்காளி, அரைப்பு ஆகியவற்றில் உள்ள தண்ணீர் வற்றும்போது, அதுவரை அதில் கலந்து நின்ற எண்ணெய் தனியே கசிகிறது. மசாலா வெந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. எண்ணெய் குறைவாக இருக்கும்போது வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: பச்சை வாசனை நீங்கும், நிறம் ஒரு படி கறுக்கும், மசாலா சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு கரண்டியோடு நகரும்.

இடையில் அடிப்பிடித்தால் உடனே எண்ணெய்க் கிண்ணத்தை நோக்கிக் கை போவது நம் பழக்கம். அந்த இடத்தில் இரண்டு மேஜைக்கரண்டி வெந்நீர் தெளியுங்கள். அடியில் ஒட்டியது இளகி மசாலாவோடு சேர்ந்துவிடும். அந்த ஒட்டலில்தான் சுவையும் இருக்கிறது. சின்ன வெங்காயத்தை வதக்கும்போது தொடக்கத்திலேயே உப்புச் சேர்த்து மூடி வைத்தால், அதன் தண்ணீரிலேயே அது பாதி வெந்துவிடும். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வரமிளகாய் ஆகியவற்றை எண்ணெயில்லாமல் வெறும் சட்டியில் வறுப்பதும் மணத்தைக் குறைப்பதில்லை. தீ மட்டும் சிறிதாக இருக்க வேண்டும்.

தேங்காய், முந்திரி, கசகசா இல்லாமல் செட்டிநாட்டுக் குழம்பா?

எல்லாவற்றையும் நீக்கச் சொல்லவில்லை. இவை மூன்றும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன: சுவை தருகின்றன, குழம்பைக் கெட்டிப்படுத்துகின்றன. சுவைக்காகச் சேர்க்கும் அளவு சிறியது. கெட்டிக்காகத்தான் அளவு கூடிக்கொண்டே போகிறது. கெட்டி வேண்டுமென்றால் ஒரு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலையை நைசாக அரைத்து ஊற்றுங்கள். அதில் 100 கிராமுக்கு 5 அல்லது 6 கிராம் கொழுப்புதான். முந்திரியில் அது 44 கிராம். வதக்கிய சின்ன வெங்காயத்தில் பாதியை எடுத்து அரைத்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. தேங்காய் அரைமூடிக்குப் பதில் இரண்டு மேஜைக்கரண்டித் துருவலைச் சோம்போடு அரைத்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் ஊற்றினால் அதன் மணம் முன்னால் நிற்கும்.

முந்திரியை முழுவதும் விட்டுவிடலாம் என்பது என் துணிபு. வீட்டுக் கோழிக் குழம்புக்கு அது எப்போதுமே அவசியமாக இருந்ததில்லை.

இன்னொரு செய்தி: தேங்காய், கசகசா அரைப்புகள் கொழுப்பைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அரைப்பு ஊற்றிய பிறகு மேலே எண்ணெய் தெரியவில்லை என்பதால் குழம்பில் எண்ணெய் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எடுப்பதாக இருந்தால் அரைப்புக்கு முன் எடுங்கள்.

நேரமில்லாத நாளில் குக்கரில்தான் வைக்கிறேன். அதில் என்ன செய்ய முடியும்?

குக்கரில் ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். விசிலைத் தூக்கி ஆவியை விரைவாக வெளியேற்றினால், உள்ளே அழுத்தம் திடீரென்று குறைவதால் சாறு பொங்கிக் கொதித்து, பிரிந்து நின்ற கொழுப்பு முழுவதும் கலங்கிவிடும். தானாக அடங்கிய குக்கரில் மூடியைத் திறந்ததும் கொழுப்பு மேலே அமைதியாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

குக்கர் பிரியாணி, கோழிச் சோறு போன்றவற்றில்?

அரிசி போட்டுவிட்டால் எடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. தண்ணீரோடு கொழுப்பையும் அரிசி பூசிக்கொண்டுவிடும். ஆகவே முன்னே சொன்ன சொம்பு முறையை இங்கே இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கொழுப்பு எடுத்த சாற்றை அளந்து, குறைகிற அளவுக்கு வெந்நீர் சேர்த்து, அந்த அளவுக்கு அரிசி போடுங்கள். கடைசியில் ஊற்றும் நெய்யை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, தம் திறந்தபின் மேலே மட்டும் தூவினால் மணம் குறையாது.

மிளகு வறுவலும் உப்புக்கறியும் எண்ணெயில்லாமல் வருமா?

மிளகு வறுவல் நன்றாகவே வரும். கறியை உப்பு, மஞ்சள், இஞ்சி, பூண்டோடு பிசிறி, தண்ணீர் ஊற்றாமல் மூடி, அது விடும் நீரிலேயே வேகவிடுங்கள். நீர் வற்றியதும் கறி தன் கொழுப்பில் பொரியத் தொடங்கும் ஓசை கேட்கும். அந்த நேரத்தில் சட்டியை ஒரு பக்கம் சாய்த்து, கறியை மேட்டுப் பக்கம் ஒதுக்கி, பள்ளத்தில் தேங்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, அதன் பிறகே கொரகொரப்பாகப் பொடித்த மிளகையும் சோம்புத் தூளையும் தூவ வேண்டும்.

உப்புக்கறியில் நான் கை வைப்பதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், நல்லெண்ணெய், உப்பு என்று மிகச் சில பொருள்களால் நிற்கும் பண்டம் அது. எண்ணெயைப் பாதியாக்கினால் அது வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிடும். அதை அதன் முறைப்படியே செய்து, இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறேன்.

குழம்பு முடிந்துவிட்டது, எண்ணெய் அதிகமாகத் தெரிகிறது, இன்னும் கால் மணி நேரத்தில் விருந்தினர் வந்துவிடுவார்கள். இப்போது என்ன செய்யலாம்?

சட்டியைப் பாதி மட்டும் தீயின் மேல் இருக்கும்படி நகர்த்தி வையுங்கள். கொதிக்கும் பக்கத்திலிருந்து எழும் குமிழிகள் எண்ணெயைக் கொதிக்காத பக்கத்துக்குத் தள்ளிச் சேர்க்கும். அங்கே கரண்டியின் விளிம்பு மட்டும் அமிழும்படி வைத்து எடுங்கள். ஐஸ்கட்டி வீட்டில் இருந்தால், எவர்சில்வர் குழிக்கரண்டியில் இரண்டு கட்டிகளை வைத்து, கரண்டியின் அடிப்புறம் எண்ணெய்ப் பரப்பை மட்டும் தொடும்படி மெல்ல நகர்த்துங்கள்; கொஞ்சம் கொழுப்பு குளிர்ந்து கரண்டியின் அடியில் ஒட்டும், துணியால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்தக் குளிருக்கு எளிதில் உறையாதவை என்பதால், கோழிக் கொழுப்பு அதிகமாக உள்ள குழம்பில்தான் இது பயன் தரும்.

முன்பு சொன்னபடி இதில் மணமும் போகும். எனவே எல்லாவற்றையும் வழிக்காமல் ஒரு பங்கை விட்டுவையுங்கள். எடுத்த பிறகு ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் கிள்ளிய கறிவேப்பிலையும் சேர்த்து மூடிவிடுங்கள்.

முதல் நாளே சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் எளிதாக இருக்குமா?

நேரம் இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது. கோழிக் கொழுப்பு குளிர்பெட்டியில் வெளிர்மஞ்சள் ஏடாக உறைந்துவிடும். விளிம்பில் கரண்டியை விட்டு நெம்பினால் பாளமாக வந்துவிடும். அதன் கீழே சாறு கூழ் போல் தளதளவென்று இருந்தால் அதையும் கொழுப்பென்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். அது எலும்பிலிருந்தும் ஜவ்விலிருந்தும் வந்த புரதம். சுட வைத்ததும் கரைந்துவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் கொழுப்பு உறையாது, குழம்பு கெட்டும் போகும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்தே பரிமாறுங்கள்.

உருளைக்கிழங்கு போட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளுமா? மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு ஊறவைத்தால் கொழுப்பு கரையுமா?

இரண்டும் நடப்பதில்லை. கிழங்கு இழுத்துக்கொண்டாலும் அந்தக் கிழங்கை நீங்கள்தானே உண்ணப் போகிறீர்கள்? எலுமிச்சையும் தயிரும் கறியை மென்மையாக்கும். கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

செக்கு நல்லெண்ணெய் என்றால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்கிறார்களே?

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியதால் அது குறையாது. நிறைவுற்ற கொழுப்பின் பங்கு மட்டும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிறது. நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, பாமாயிலில் பாதி, தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். கோழிக் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுப்பது சரி. அதையும் கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றும் கைக்கு அளவு தெரிவதில்லை.

எடுத்த கொழுப்பை என்ன செய்வது?

கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள்; குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். மசாலா சேராத கோழிக் கொழுப்பை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் முட்டை பொரிக்கவோ அடுத்த குழம்புக்கு வதக்கவோ எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். எண்ணெயோடு கூடுதலாக அதையும் சேர்ப்பதென்றால், எடுத்ததற்குப் பயனே இல்லை.

குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இதையே கொடுக்கலாமா?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. வளர்ச்சிக்கு அது தேவை. பித்தப்பை, கணையக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு கொழுப்பு ஆகும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கோழிச் சாற்றைச் சொம்பு முறையில் தெளிய வைத்துக் கொடுத்தால் வயிற்றுக்கு இலகுவாக இருக்கும்.

எங்கள் வீட்டு ஆச்சி, எண்ணெய் மிதக்காத குழம்பைக் கண்டாலே "இது என்ன தண்ணிக் குழம்பு?" என்கிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விருந்தாளியின் இலையில் எண்ணெய் மின்னும் குழம்பை ஊற்றுவது மனத்தாராளத்தின் அடையாளமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பளபளப்பை முழுவதும் பறித்துவிட்டு ஏற்கச் சொல்வது சரியாகாது. எனவே வதக்குவதற்கு வைத்த இரண்டு மேஜைக்கரண்டியில் அரை மேஜைக்கரண்டியை முன்கூட்டியே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். குழம்பு முடிந்து இறக்கியதும், அந்த நல்லெண்ணெயைச் சிறு கரண்டியில் காயவைத்து, கிள்ளிய வரமிளகாய், சோம்பு, கறிவேப்பிலை பொரியவிட்டு, கொஞ்சம் மிளகாய்த்தூளைத் தூவிய நொடியிலேயே குழம்பின் மேல் கொட்டி, கிளறாமல் மூடிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது மேற்பரப்பு முழுவதும் சிவந்த எண்ணெய் மின்னும், மணமும் முதலில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் ஆச்சிக்கு அந்தக் குழம்பை ஊற்றியபோது, எண்ணெய் அளவு குறைந்தது என்று நாங்கள் சொல்லும் வரை அவர்கள் கேட்கவே இல்லை.